சேது நாட்டு நிலமும் அதன் விலையும்

விற்கப்படும் பொருள்களுள் நிலம் ஒன்றே இடம் பெயராதது. நெல்லையும் துணியையும் விலை மிகுந்த ஊருக்கு ஏற்றிச் சென்று விற்கலாம். நிலத்தையோ அவ்வாறு கொண்டுபோக இயலாது. அது கிடந்த இடத்திலேயே கிடக்க, அதன் விலை மட்டும் ஏறுகின்றது. சில வேளைகளில் இறங்குகின்றது. ஆதலின் நிலத்தின் விலையை அறிய விரும்புவோர் மண்ணை மட்டும் நோக்கினாற் போதாது. அம்மண்ணைச் சூழ்ந்து வாழும் மக்களையும், அவர்தம் போக்குவரவையும், தொழிலையும், வழக்கத்தையும், சட்டத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும். இவ்வுண்மையை நமக்கு அண்மையிலுள்ள இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையைக் கொண்டு விளக்கக் கருதுகின்றோம்.

முதற்கண் மண்ணின் வளத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கில நாட்டுப் பொருளாதார அறிஞராகிய டேவிட் ரிக்கார்டோ 1817 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வளமிக்க நிலத்துக்கும் வளங்குன்றிய நிலத்துக்கும் உள்ள விளைச்சல் வேறுபாட்டிலிருந்தே நிலவாரம் பிறக்கின்றது என்று விளக்கினார். இராமநாதபுரத்துக் குடியானவர் அந்நூலைப் படித்ததில்லை. ஆயினும் அதன் கருத்தை நன்கு அறிவார். அவர் நாட்டில் ஆற்றுநீர் அரிது. வடகிழக்குப் பருவமழை தரும் நீரைக் கண்மாய்களில் தேக்கிவைத்தே பயிர் செய்தல் வேண்டும். ஆகவே ஒரே கண்மாயின் கீழ், மடைக்கு அருகிலுள்ள நன்செய்க்கு ஒரு விலை. நீர் வந்து சேருமோ சேராதோ என்று ஐயுறவேண்டிய கடைமடை நிலத்துக்கு வேறொரு விலை. வானம் பார்த்த புன்செய்க்கு அதனினும் தாழ்ந்த விலை. சீமைக் கருவேல் மண்டிக்கிடக்கும் உவர்நிலத்தை வாங்குவாரைத் தேடித் திரிய வேண்டும்.

இவ்வளவில் ஐயமில்லை. ஆனால் பாம்பன் கால்வாயைக் கடந்து இராமேசுவரத் தீவுக்குள் சென்றால் இக்கணக்குப் பொருந்தவில்லை. அங்கு நெல் விளைவதில்லை, பெரும்பாலும் மணலே. எனினும் இராமேசுவரம் திருக்கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் ஒரு மனைக்குக் கிடைக்கும் விலை, அதே அளவுள்ள நல்ல நன்செய்க்கு ஒருபோதும் கிடைக்காது. இதன் காரணம் யாது? ஜெர்மானிய அறிஞர் வான் தூனன் 1826 ஆம் ஆண்டில் எழுதிய நூலில், மண்ணின் வளம் எங்கும் ஒன்றாயினும் சந்தைக்கு எவ்வளவு தொலைவில் இருக்கின்றது என்பதைப் பொறுத்து நிலத்தின் பயன் மாறும் என்று காட்டினார். சேது நாட்டில் அச்சந்தை, மக்கள் வந்து கூடும் இடமே. மனிதர் கால்பட்ட இடம் விலை பெறுகின்றது. கால்படாத இடம் மணலாகவே நிற்கின்றது.

இதற்குத் தனுஷ்கோடியினும் சிறந்த சான்று வேறில்லை. 1914 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதற்குமுன் சென்னையினின்று கொழும்பு செல்வோர் தூத்துக்குடி சென்று கப்பலேறுவர். பாலம் முடிந்தபின் ரயில் நேராகத் தனுஷ்கோடியை அடைந்தது. அங்கிருந்து ஏறக்குறைய 20 மைல் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கு வேறொரு ரயில் காத்திருக்கும். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்வதே தலைமையான பாதையாயிற்று. இராமேசுவரத்துக்குச் சென்றது ஒரு கிளைப்பாதையே. இர்வின், கோஷன் முதலிய நீராவிக் கப்பல்கள் அக்கடலில் ஓடின. இருபுறமும் கடல் சூழ்ந்த அம்மணல் முனையில் ரயில் நிலையமும், சுங்க அலுவலகமும், தபால் நிலையமும், மருத்துவமனையும், பள்ளியும், கோயிலும், கிறிஸ்தவ ஆலயமும், கடைகளும் எழுந்தன. மணல் வளமடைந்துவிடவில்லை, வழி பிறந்தது, அவ்வளவே.

பிறந்த வழி ஓரிரவில் மறைந்தது. 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் இரவு அடித்த பெரும்புயலில் கடல் பொங்கி ஊரை மூடியது. பாம்பனிலிருந்து வந்த ரயில் வண்டியும், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் அலைவாய்ப்பட்டனர். மாண்டவர் தொகை ஏறக்குறைய 1,800 என்று மதிப்பிடப்பட்டது. அரசாங்கம் அவ்விடத்தைக் குடியிருப்புக்குத் தகாதது என்று அறிவித்தது. பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிப் பாதையோ மீண்டும் போடப்படவில்லை. கிளைப்பாதையின் முடிவாயிருந்த இராமேசுவரமே ரயில் முடியும் ஊராயிற்று. கப்பலும் அங்கிருந்தே சில காலம் ஓடியது. 1980 களில் இலங்கையில் மூண்ட போரினால் அதுவும் நின்றது. தனுஷ்கோடியில் மனை வைத்திருந்தவர் கையில் பத்திரம் இருந்தது. பத்திரத்துக்குப் பொருள் இல்லாமற் போயிற்று. நிலத்தின் விலையில் பெரும்பகுதி, நாளையும் மக்கள் இங்கு வருவார்கள் என்னும் நம்பிக்கையே என்பதை இதனால் அறியலாம்.

அந்நம்பிக்கை மீண்டும் வளர்ந்த விதத்தையும் நோக்குவோம். 1988 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், இந்திரா காந்தியின் பெயர் தாங்கிய சாலைப் பாலம் பாம்பனில் திறக்கப்பட்டது. அதுவரை ரயிலையும் படகையுமே நம்பியிருந்த தீவுக்குப் பேருந்தும் சிற்றுந்தும் செல்லலாயின. யாத்திரிகர் நினைத்த நாளில் வந்து நினைத்த நாளில் திரும்பலாயினர். 2007 ஆம் ஆண்டில் ரயில்பாதை அகலப் பாதையாயிற்று. 2017 ஆம் ஆண்டில் தனுஷ்கோடியைக் கடந்து அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவகமும் திறக்கப்பட்டது. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் நின்றுபோன போக்குவரத்து, 2025 ஏப்ரல் 6 ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தால் மீண்டது. இத்தகைய ஒவ்வொரு செய்தியும் மனை விற்போர் வாயில் விளம்பரமாகின்றது. சாலைக்கு இருமருங்கும் எல்லைக்கற்கள் முளைக்கின்றன.

இனிச் சமுதாயக் காரணங்களைக் காண்போம். முதலாவது, சமயப் பற்று. ஆடி, தை அமாவாசை நாட்களில் இராமேசுவரத்தில் நீராடப் பல்லாயிரவர் கூடுகின்றனர். அவர்கள் தங்கும் அறைகளின் வாடகையே கோயிலைச் சூழ்ந்த மனைகளின் விலையைத் தாங்கி நிற்கின்றது. இரண்டாவது, வெளிநாட்டில் ஈட்டிய பொருள். கீழக்கரை பழமையான வணிகத் துறை. சங்கும் முத்தும் அதன் பழைய செல்வம். இக்காலத்தில் அவ்வூரினர் பலர் வளைகுடா நாடுகளில் உழைத்துப் பொருள் அனுப்புகின்றனர். பிறந்த ஊரில், உறவினர் நடுவில் ஒரு வீடு வேண்டும் என்னும் விருப்பம் அவர்களிடம் வலியது. அவ்விருப்பம் வாடகைக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆகவே வீட்டிலிருந்து கிடைக்கும் வருவாய்க்கும் அதன் விலைக்கும் பொருத்தம் காணாத ஊர்கள் உண்டு. மூன்றாவது, பாகப்பிரிவினை. பாட்டனார் பெயரிலேயே நின்றுவிட்ட நிலத்துக்குப் பேரர் பலர் உரிமை கொண்டாடுவர். ஒருவர் கையெழுத்துக் குறைந்தாலும் விலை பாதியாகும். நான்காவது, சாதிப் பிரிவு. ஒரே அளவுள்ள மனை ஒரு தெருவில் உயர்ந்த விலைக்கும் மற்றொரு தெருவில் தாழ்ந்த விலைக்கும் போவதும், பொருள் இருந்தும் ஒருவருக்கு விற்க மறுப்பதும் நம் நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. இது பொருளாதார விதியன்று. மனிதர் செய்த குறை. மனிதராலேயே திருத்தப்பட வேண்டியது.

சட்டத்தின் பங்கும் சிறிதன்று. 1803 ஆம் ஆண்டில் நிலையான வரித்திட்டத்தின்படி இராமநாதபுரம் ஜமீன் ஏற்பட்டது. உழுதவர் ஜமீனுக்கு வாரம் செலுத்தி வந்தனர். 1948 ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் பயனாக நிலங்கள் ரயத்துவாரி முறைக்கு மாறின. பட்டா என்னும் ஒரு தாள் குடியானவர் கைக்கு வந்தது. அத்தாளே கடனுக்கு ஈடாகும்; அத்தாளே விலைக்கு அடிப்படை. மறுபுறம், 1991 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் கட்டடம் எழுப்புதலைக் கட்டுப்படுத்தியது. 2011, 2019 ஆம் ஆண்டுகளில் அது திருத்தி அமைக்கப்பட்டது. கடலைக் கண்ணாரக் காணலாம் என்று சொல்லி விற்கப்படும் மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பதை முன்னரே விசாரியாதவர் பின்னர் வருந்துவர்.

இவ்விடத்தில் நம் உள்ளத்தை உறுத்தும் வினா ஒன்றுண்டு. நிலத்தின் விலை ஏறும்போது அவ்வேற்றம் யாரைச் சேர்கின்றது? பாலம் கட்டியது பொதுப்பணம். சாலை போட்டதும் பொதுப்பணம். கூட்டம் சேர்த்தது யாத்திரிகரின் பக்தி. ஆனால் பயன் அடைபவர் பட்டா வைத்திருப்பவரே. அமெரிக்க அறிஞர் ஹென்றி ஜார்ஜ் 1879 ஆம் ஆண்டில் எழுதிய நூலில், சமுதாயம் உண்டாக்கிய இவ்வேற்றம் வரி வழியாகச் சமுதாயத்துக்கே திரும்ப வேண்டும் என்று வாதித்தார். அக்கொள்கையை முழுவதும் ஏற்பவர் சிலரே; ஆயினும் அவர் எழுப்பிய வினாவைத் தள்ளிவிட முடியாது.

தனுஷ்கோடிப் புயலுக்குப் பின்னும் மீனவக் குடும்பங்கள் அம்மணலிலேயே குடிசை கட்டி வாழ்கின்றன. மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுக்கின்றன. வலை உலர்த்தும் இடமும், கருவாடு காயப்போடும் இடமும், படகு ஏற்றிவைக்கும் இடமும் அவர்கள் தொழிலுக்கு வயல் போன்றவை. ஆனால் நம் கடற்கரைக் குப்பங்கள் பலவற்றில் அவ்விடங்கள் புறம்போக்கு என்றே கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. நிலத்துக்கு விலை இல்லாத நாளில் அவர்களை அங்கிருந்து எழுப்ப எவரும் வரவில்லை. விலை ஏறும் நாளிலேயே அவர்களுக்கு அச்சம் பிறக்கின்றது. நிலம் வைத்திருப்பவருக்கு மகிழ்ச்சி தரும் அதே செய்தி, நிலத்தில் நிற்பவருக்குத் துன்பச் செய்தியாகின்றது.

ஆகவே நிலம் வாங்கக் கருதுவோர் விலையை மட்டும் கேளாது, நீர் உண்டா, வழி உண்டா, வில்லங்கச் சான்றில் குறை உண்டா, கடல் எவ்வளவு தொலைவு என்றும் கேட்பாராக. விற்கக் கருதுவோர், ஒரு பாலத்தின் பேரில் எழுந்த ஆசையால் அவசரப்பட்டுப் பாட்டன் தேடிய காணியைக் கைவிடாது, வீட்டாருடன் கலந்து முடிவு செய்வாராக. கல்வி கற்று நாளை அலுவலகங்களில் அமரப்போகும் நம் மாணாக்கர்க்கு ஒரு சொல்: நிலக்கணக்கில் புறம்போக்கு என்னும் எழுத்தைக் காணும்போது, அங்கு வலை உலர்த்தும் மனிதர் இருக்கின்றாரா என்று ஒருமுறை நேரிற் சென்று பாருங்கள். சேது நாட்டு மணலுக்கு விலை தந்தவர் மனிதர். அவ்விலை அம்மனிதரையே வெளியேற்றாதவாறு காப்பது நம் கடமை.