இங்கிலாந்து மைதானங்களில் அமெரிக்க ஆட்டக்காரர்கள்

அமெரிக்கர்களுக்குக் கால்பந்து ஆட வருமா என்று கேட்டால் கல்கத்தாவில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கையால் பிடிக்கச் சொன்னால் பிடிப்பார்கள்." டீக்கடை அட்டாவிலும் இதே பேச்சு, நம் சங்கத்து வராந்தாவிலும் இதே பேச்சு. ரயில்வேயில் சிக்னல் கம்பங்களோடு காலம் கழித்த எனக்குக் கால்பந்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். கிழக்கு ரயில்வே அணி 1958இல் பி.கே. பானர்ஜியை வைத்துக்கொண்டு கல்கத்தா லீக்கையே வென்ற கதையை மூத்தவர்கள் வாயால் கேட்டு வளர்ந்த இலாகாவிலிருந்து வருகிறேன். பல வருடங்களாகச் சனிக்கிழமை இரவுகளில் டிவி முன்னால் உட்கார்ந்து இங்கிலாந்து லீக் ஆட்டங்களை விடாமல் பார்த்தும் வருகிறேன். அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

ஆட்டம் பார்க்காத வீட்டுப் பெரியவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கிலாந்தில் தொழில்முறை அணிகள் படிப்படியான பிரிவுகளில் ஆடுகின்றன. உச்சியில் இருப்பது பிரிமியர் லீக், 1992இல் தொடங்கியது. சீசன் முடிவில் கடைசி மூன்று இடங்களில் நிற்கும் அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கினால் டிவி வருமானம் போகும், நல்ல ஆட்டக்காரர்கள் போவார்கள், கிளப் சிப்பந்திகளில் பலருக்கு வேலையும் போகும். அமெரிக்க லீக்கில் இந்த இறக்கம் என்பதே கிடையாது. கடைசியில் நின்றாலும் அடுத்த வருடம் அதே இடத்தில் ஆடலாம். அங்கிருந்து இங்கிலாந்துக்கு வருபவன் முதலில் கற்றுக்கொள்வது இந்தப் பயத்தைத்தான்.

முதலில் குறிப்பிட வேண்டியவர் ஜான் ஹார்க்ஸ். நியூஜெர்சி மாநிலத்தில் கியர்னி என்றொரு ஊர். ஸ்காட்லாந்திலிருந்து வந்த நூல் கம்பெனிகள் அங்கே மில் வைத்தபோது, வேலைக்குத் தங்கள் நாட்டு ஆட்களையும் அழைத்து வந்தன. வந்தவர்கள் கூடவே கால்பந்தையும் கொண்டு வந்தார்கள். நாம் போன இடமெல்லாம் இட்லிப் பானையையும் மார்கழி பஜனையையும் எடுத்துப் போகவில்லையா, அது மாதிரி. அப்படிக் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் மகன் ஹார்க்ஸ். 1990இல் ஷெஃபீல்ட் வென்ஸ்டே அணியில் சேர்ந்தார். அந்த டிசம்பரில் டெர்பி அணிக்கெதிரான லீக் கோப்பை ஆட்டத்தில் சுமார் 35 கஜ தூரத்திலிருந்து அவர் அடித்த பந்து பீட்டர் ஷில்டனைத் தாண்டி வலைக்குள் போயிற்று. ஷில்டன் அதே வருடம் உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தின் கோலைக் காத்தவர். 1991இல் ஷெஃபீல்ட் அணி மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டது. 1993 லீக் கோப்பை இறுதியாட்டத்தில் ஹார்க்ஸ் ஆர்சனலுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார், ஆனால் அணி 2-1 என்று தோற்றது. இவர் கோல்கீப்பர் அல்ல, நடுவரிசை ஆட்டக்காரர் என்பதை 'கையால் பிடிக்கும்' கட்சியினர் கவனிக்க வேண்டும்.

நிற்க. அந்தக் கட்சியினரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கேஸி கெல்லர், பிராட் ஃப்ரீடல், டிம் ஹோவர்ட் என்று இங்கிலாந்தில் நிலைத்து நின்ற அமெரிக்கர்களில் பெரும் பங்கு கோல்கீப்பர்களே. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். அமெரிக்கச் சிறுவன் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்தும் பேஸ்பாலும் ஆடி வளர்கிறான். உயரத்தில் வரும் பந்தை எந்த நொடியில் எழும்பிப் பிடிப்பது, வேகமாக வரும் பந்துக்கு முன் உடம்பை எப்படி வைப்பது என்பதெல்லாம் பத்து வயதிலேயே கைக்கு வந்துவிடுகிறது. காலால் பந்தை அடக்கும் நளினம் அப்படி வராது. அதற்குத் தெருவில் நாளெல்லாம் ஆட வேண்டும், அமெரிக்கத் தெருக்களில் அந்தப் பழக்கம் குறைவு.

ஃப்ரீடலின் கதையை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்வேன். திறமை இருந்தும் வேலை அனுமதி கிடைக்காமல் 1990களில் பல முறை இங்கிலாந்தின் வாசலிலிருந்து திரும்பிப் போனவர் அவர். வெளிநாட்டு ஆட்டக்காரர் தன் நாட்டு அணியின் முக்கியமான ஆட்டங்களில் முக்கால் பங்காவது ஆடியிருக்க வேண்டும் என்று அங்கே வெகுகாலம் ஒரு விதி இருந்தது. கோல்கீப்பர் இடம் ஒன்றே ஒன்று. அமெரிக்க அணியில் அந்த ஓர் இடத்துக்கு ஃப்ரீடலும் கெல்லரும் போட்டி. பெஞ்சில் உட்கார்ந்தவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கணக்கில் பின்தங்கிவிடுவான். விதி போட்டவர் கோல்கீப்பர்களை நினைத்துப் பார்க்கவில்லை என்பது என் கட்சி. ஒருவழியாக 1997 கடைசியில் லிவர்பூலுக்கு வந்தார். அங்கே அதிகம் சோபிக்கவில்லை. 2000இல் பிளாக்பர்ன் போனபிறகு பாருங்கள்! 2002 லீக் கோப்பை இறுதியில் டோட்டன்ஹாமைத் தடுத்து நின்று ஆட்ட நாயகன் ஆனார். அப்புறம் 2004 ஆகஸ்டிலிருந்து 2012 அக்டோபர் வரை, பிளாக்பர்ன், ஆஸ்டன் வில்லா, டோட்டன்ஹாம் என்று மூன்று அணிகளில், தொடர்ந்து 310 பிரிமியர் லீக் ஆட்டங்கள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. எட்டு வருடம் ஷெட்டுக்கே போகாமல் ஓடிய எஞ்சின் எங்கள் இலாகாவில் இருந்ததில்லை. அந்தத் தொடர் முடிந்தபோது அவருக்கு வயது 41.

ஹோவர்டுக்கு வந்த சோதனை வேறு விதம். அவருக்கு டூரெட் என்னும் நரம்புக் கோளாறு உண்டு. முகமும் கழுத்தும் தன்னிச்சையாக வெட்டி இழுக்கும். 2003இல் மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியபோது லண்டன் பத்திரிகைகள் சில அதை வைத்துத் தரக்குறைவாகத் தலைப்புப் போட்டன. 2004 மார்ச்சில் போர்ட்டோ அணிக்கெதிராகக் கடைசி நிமிடத்தில் ஒரு ஃப்ரீகிக்கை அவர் தட்டிவிட, பந்து எதிரியின் காலடியில் விழுந்து கோலாகி, யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையிலிருந்து வெளியேறியது. கோல்கீப்பர் வேலையில் இதுதான் கொடுமை, சிக்னல் வேலை மாதிரி. ஆயிரம் ரயில் பத்திரமாய்ப் போனதை யாரும் எழுதி வைப்பதில்லை. 2006இல் எவர்ட்டனுக்குப் போய், பத்து வருடத்தில் 400க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 2009 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் பெனால்டிகளில் இரண்டைத் தடுத்து எவர்ட்டனை வெல்ல வைத்தார். எதிரணி எது தெரியுமா? அதே மான்செஸ்டர் யுனைடெட்!

இன்னொரு வேடிக்கை. இவர்கள் இருவருமே கோல் போட்டிருக்கிறார்கள். ஃப்ரீடல் 2004 பிப்ரவரியில், சார்ல்ட்டன் அணிக்கெதிராகக் கடைசி நிமிடத்தில் எதிர்முனைக்கு ஓடிப்போய் அடித்தார். ஹோவர்ட் 2012 ஜனவரியில், தன் கோல் பக்கத்திலிருந்தே ஓங்கி உதைத்த பந்து காற்றில் ஏறி, தரையில் குத்தி, போல்ட்டன் கீப்பரின் தலைக்கு மேல் போய் விழுந்தது. எதிரணிக் கீப்பரின் நிலையை எண்ணி ஹோவர்ட் கொண்டாடவே இல்லை. இரண்டு ஆட்டத்திலும் கோல் போட்ட அணி தோற்றது என்பதுதான் விதியின் விளையாட்டு. ஃப்ரீடல் சமன் செய்த கையோடு சார்ல்ட்டன் ஒன்று போட்டு 3-2 என்று வென்றது, எவர்ட்டன் 2-1 என்று தோற்றது.

கீப்பர்களை விட்டு மற்றவர்களிடம் வருவோம். லண்டனில் தேம்ஸ் கரையோரம் ஃபுல்ஹம் என்றொரு அணி. அமெரிக்கர்கள் அடுத்தடுத்து வந்ததால் 'ஃபுல்ஹமெரிக்கா' என்றே கேலிப் பெயர் வைத்தார்கள். 2004இல் வந்த பிரையன் மெக்பிரைட் தலையால் முட்டிக் கோல் போடுவதில் சூரர். மூக்கு உடைந்தாலும் கன்னம் கிழிந்தாலும் பின்வாங்காத மனிதர். மைதானத்துக்குள் இருக்கும் மதுக்கூடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அவருக்குப் பின் கிளின்ட் டெம்ப்ஸி. என் வீட்டில் சண்டை ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். "தாத்தா, புலிசிக்குக்கு முன்னால் டெம்ப்ஸி எம்மாத்திரம்?" என்கிறான் பேரன். சொல்கிறேன். டெக்சாஸில் நாகடோசெஸ் என்ற சிற்றூரில், மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளோடு கட்டாந்தரையில் ஆடிப் பழகியவர் டெம்ப்ஸி. நல்ல பயிற்சிக்காகப் பெற்றோர் அவரை மூன்று மணி நேரம் காரில் டல்லாஸுக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. மேலே நான் சொன்ன தெரு ஆட்டத்து நளினம் அவரிடம் இருந்தது, ஏனென்றால் அவர் மெய்யாகவே தெருவில் ஆடியவர். 2007 ஜனவரியில் ஃபுல்ஹம் வந்தார். அந்த மே மாதம் லிவர்பூலுக்கு எதிராக அவர் போட்ட ஒரே கோலால் ஃபுல்ஹம் வென்றது. சீசன் முடிவில் ஃபுல்ஹமுக்கு 39 புள்ளி, கீழே இறங்கிய ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு 38. அந்தக் கோல் இல்லையென்றால் கணக்கு என்னவாகியிருக்கும் என்று அன்பர்களே போட்டுப் பாருங்கள்.

2010 மார்ச்சில் இத்தாலியின் ஜுவென்டஸ் வந்தது. முதல் ஆட்டத்தில் 3-1 என்று தோற்றிருந்த ஃபுல்ஹம், இங்கே இரண்டாவது நிமிடத்திலேயே இன்னொரு கோல் வாங்கியது. மூட்டை கட்ட வேண்டிய நிலை. அதிலிருந்து மூன்று கோல் போட்டுச் சமன் செய்தார்கள். மாற்று ஆளாக இறங்கியிருந்த டெம்ப்ஸி 82ஆவது நிமிடத்தில் பந்தை ஓங்கி அடிக்காமல், சோற்றுக்கு நெய் விடுகிற பதத்தில் காலால் மெல்லத் தூக்கிவிட்டார். அது கீப்பரின் கைக்கு மேலே வளைந்து தூரத்து மூலையில் இறங்கிற்று. மொத்தக் கணக்கில் 5-4 வெற்றி. இறுதியாட்டத்தில் அட்லெட்டிகோ மாட்ரிட்டிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள், அது வேறு. 2012 ஜனவரியில் நியூகாஸிலுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, பிரிமியர் லீக்கில் ஹாட்ரிக் எடுத்த முதல் அமெரிக்கர் ஆனார். பிரிமியர் லீக்கில் அவருடைய மொத்தக் கோல்கள் 57.

கிறிஸ்டியன் புலிசிக்குக்கு அங்கே 20. பேரன் ஒப்புக்கொள்ள மாட்டான்! ஆனால் அவனிடமும் சரக்கு இருக்கிறது. பென்சில்வேனியாவில் சாக்லேட்டுக்குப் பெயர் போன ஹெர்ஷி ஊரைச் சேர்ந்தவர் புலிசிக். தாத்தா குரோஷியாக்காரர் என்பதால் குரோஷியப் பாஸ்போர்ட் கிடைத்து, பதினாறு வயதிலேயே ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்குப் போக முடிந்தது. ஒரு தாத்தாவின் ஊர் பேரனுக்கு எப்போது உதவும் என்று யாருக்குத் தெரியும்? 2019இல் செல்சீ அவருக்குக் கொடுத்த விலை சுமார் 5.8 கோடி பவுன். அந்த அக்டோபரில் பர்ன்லிக்கு எதிராக இடது காலால் ஒன்று, வலது காலால் ஒன்று, தலையால் ஒன்று. 2020 எஃப்.ஏ. கோப்பை இறுதியில், கொரோனாவால் காலியாகக் கிடந்த வெம்ப்ளியில், ஐந்தாவது நிமிடத்திலேயே கோல். அதே ஆட்டத்தில் தொடை நரம்பு பிடித்து வெளியேறினார், அணியும் தோற்றது. 2021இல் செல்சீ ஐரோப்பியக் கோப்பை வென்றபோது இறுதியாட்டத்தில் மாற்று ஆளாக இறங்கினார். திறமையில் குறை சொல்ல முடியாது. காயம்தான் அவரைச் சாப்பிட்டது. ஒரு பெரிய அணியில் நல்ல நாட்கள் ஆடினவரா, ஒரு சிறிய அணியைத் தோளில் சுமந்தவரா என்று கேட்டால் என் ஓட்டு டெம்ப்ஸிக்குத்தான்.

"முதலாளிகள் அமெரிக்கர்கள், அதனால்தான் அமெரிக்கர்களை வாங்குகிறார்கள், பனியன் விற்கத்தான்" என்று சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. புலிசிக்கை வாங்கியது ரஷ்ய முதலாளி அப்ரமோவிச் காலத்தில். 2022இல் அமெரிக்க முதலாளிகள் கைக்கு செல்சீ போனது, மறு வருடமே வாங்கிய விலையில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு அவரை மிலான் அணிக்கு விற்றுவிட்டார்கள். அமெரிக்கருக்குச் சொந்தமான லிவர்பூல் 2020இல் முப்பது வருடம் காத்திருந்து லீக் பட்டம் வென்றதே, அந்த அணியில் ஓர் அமெரிக்கர்கூட இல்லை. மெக்பிரைடும் டெம்ப்ஸியும் வந்தபோது ஃபுல்ஹமின் முதலாளி எகிப்தியரான அல் ஃபயத். 2013இல் அதை வாங்கிய ஷாஹித் கான் லாகூரில் பிறந்து, பதினாறு வயதில் அமெரிக்கா போய், மணிக்கு 1.20 டாலருக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டு என்ஜினியரிங் படித்தவர். கால்பந்துக்குச் சம்பந்தமில்லைதான், என்ஜினியர் என்பதால் சொல்லிவைத்தேன்.

ஆட்டக்காரர்களை ஏற்றுக்கொண்ட இங்கிலாந்து, அமெரிக்கப் பயிற்சியாளர்களை மட்டும் இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. 2016இல் ஸ்வான்ஸி அணிக்கு வந்த பாப் பிராட்லியை 85 நாளில், 11 ஆட்டம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். இரண்டே வெற்றி என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெனால்டியை அவர் தம் ஊர் வழக்கப்படி 'பீகே' என்று சொன்னதற்குச் சிரித்தார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. நாம் பேசும் ஹிந்தியைக் கேட்டுச் சிரித்தவர்களைப் பார்த்தவர்கள்தானே நாம். இத்தனைக்கும், அமெரிக்கர் வாயில் வந்தால் இங்கிலாந்துக்காரர் முகம் சுளிக்கும் 'சாக்கர்' என்ற சொல்லே இங்கிலாந்தில் பிறந்தது. 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்பதிலிருந்து அங்கத்திய கல்லூரி மாணவர்கள் உண்டாக்கிய செல்லப்பெயர் அது. லீட்ஸ் அணியில் 2022இல் ஜெஸ்ஸி மார்ஷ் வந்து, கூடவே ஆரன்சன், டைலர் ஆடம்ஸ் என்று அமெரிக்கர்களையும் சேர்த்தார். 2023 பிப்ரவரியில் அவர் வேலை போயிற்று, மே மாதம் அணி கீழே இறங்கியது. ஆரன்சன் வேறிடம் போய்விட்டு 2024இல் திரும்பி வந்தார். 2025இல் லீட்ஸ் மறுபடி மேலே ஏறியது. ஓடிப் போனவன் என்று அவரைத் திட்டியவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பெண்கள் ஆட்டத்தில் நிலைமை தலைகீழ். அங்கே அமெரிக்கப் பெண்கள் மாணவிகளாக வருவதில்லை. 2020 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்காகக் கோல் போட்டவர்களில் சாம் மியூவிஸ் ஒருவர். 2025 ஜனவரியில் செல்சீ வாங்கிய நவோமி கிர்மா, பத்து லட்சம் டாலரைத் தாண்டி விலை போன முதல் பெண் ஆட்டக்காரர். எத்தியோப்பியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகள்.

கடைசியாக ஒருவர். கிறிஸ் ரிச்சர்ட்ஸ், அலபாமா மாநிலத்துக்காரர், பின்வரிசை ஆட்டக்காரர். 2025 மே 17 அன்று வெம்ப்ளியில் கிரிஸ்டல் பாலஸ் அணி மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று, தன் சரித்திரத்திலேயே முதல் பெரிய கோப்பையை எடுத்தது. அன்று சிட்டி அலை அலையாய் வந்துகொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தின் பதிவு எங்காவது கிடைத்தால் பந்தைப் பார்க்காமல் பாலஸ் அணியின் 26ஆம் நம்பரை மட்டும் ஒரு பத்து நிமிடம் பாருங்கள். கையால் அல்ல, காலாலும் தலையாலும்தான் தடுக்கிறார்.