டீசல் வண்டியும் திறன்கூட்டும் சில்லும்

“சில்லு பொருத்தினால் பிக்-அப் வண்டி மேட்டில் பாய்ந்தேறும்” என்பார் சிலர். “பொருத்திய ஆண்டுக்குள் இயந்திரம் பாழ்” என்பார் வேறு சிலர். வண்டியே பிழைப்பாக உள்ளவர்க்கு இது வெறும் வாதமன்று. புது இயந்திரத்தின் விலை பல மாத வருவாயை விழுங்கிவிடும். ஆகவே, சில்லு யாது செய்கிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

பெட்ரோல் இயந்திரத்தில் ஓட்டுநர் மிதிக்கும் கட்டை காற்று வாயிலைத் திறக்கிறது. புகும் காற்றுக்கேற்பவே எண்ணெய் சேர்கிறது. டீசல் இயந்திரத்திலோ காற்று பெரும்பாலும் தடையின்றிப் புகும். மிதிகட்டை எண்ணெயின் அளவையே மாற்றுகிறது. எரிவதற்கு வேண்டியதினும் மிகுதியான காற்று உள்ளே இருப்பதால் வெப்பம் தணிகிறது. பெட்ரோல் இயந்திரத்தில் எண்ணெய் குறைந்தால் சூடு ஏறும் என்று அஞ்சுவர். டீசலில் எண்ணெய் கூடக்கூடச் சூடு ஏறும். இவ்வேறுபாட்டை அறியாமையே இப்பொருள் பற்றிய குழப்பத்துக்குப் பெரிதும் காரணம்.

சில்லு எவ்வுறுப்பையும் வலுப்படுத்துவதில்லை. கூடுதல் எண்ணெய் கேட்கிறது, அவ்வளவே. விலை மலிந்த பெட்டிகள் சில இதனை ஒரு பொய்யால் சாதிக்கின்றன. எண்ணெய்க் குழாயின் அழுத்தத்தை வண்டியின் கணினிக்கு அறிவிக்கும் உணர்கருவியின் செய்தியை இடைமறித்து, உள்ளதினும் குறைத்துக் காட்டும். கணினி அதை நம்பி அழுத்தத்தை உயர்த்தும். கிடங்குக் கிராணி அரிசி இருப்பைக் குறைத்தெழுத, துரை மேலும் மூட்டைகளை அனுப்பியது போலத்தான்.

பிக்-அப் வண்டிகள் மலிந்த அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று காண்போம். நேவிஸ்டார் நிறுவனம் ஃபோர்டு வண்டிகளுக்கெனச் செய்த 7.3 லிட்டர் ‘பவர் ஸ்ட்ரோக்’ இயந்திரம் 1994-இல் 210 குதிரைத்திறனோடு வந்தது. அதன் கணினியின் செருகுவாயில் பொருத்தும் சில்லுகள் பல விற்பனைக்கு வந்தன. அதே இயந்திரத்தின் திறன் பின்னர்த் தொழிற்சாலையிலேயே உயர்த்தப்பட்டு, 2001-இல் கைக்கியர் வண்டிகளில் 275 ஆயிற்று. சில்லு செய்வதும் இதுதானே எனின், அன்று. 1999 மாதிரியில், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் கருவி சேர்க்கப்பட்டது. குளிர்ந்த காற்று செறிவானது. அதே இடத்தில் மிகுதியாக அடங்கும். எண்ணெயோடு காற்றையும் கூட்டினர். சில்லு மட்டும் பொருத்துவோர் முன்னதை மட்டுமே செய்கின்றனர்.

தீங்கு உடனே தோன்றாமைக்கும் காரணம் உண்டு. சமதரையில் வெறும் வண்டியாகச் செல்கையில் கூடுதல் எண்ணெய் பாய்வது சில நொடிகளே. கனத்த இழுவண்டியோடு நீண்ட மேட்டில் ஏறும்போதோ வெப்பம் பல நிமிடம் தங்கும். டர்போவுக்கு முன் அளக்கும் புகையின் வெப்பம் 1,250 பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 677 செல்சியசைக் கடந்து நெடுநேரம் நிற்கலாகாது என்பது அனுபவமுள்ள ஓட்டுநர் பலர் கொள்ளும் விதி. அலுமினியம் 660-இல் உருகும். பிஸ்டனை எண்ணெய்ப் பீச்சு குளிர்விப்பதால் அது உடனே உருகிவிடாது. எனினும் விளிம்பு தேயும், வெடிக்கும். இந்த வெப்பமானி இன்றிச் சில்லு பொருத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதே.

பல வண்டிகளில் முதலில் கெடுவது இயந்திரமே அன்று, தானியங்கிக் கியர்ப்பெட்டி. மிகு முறுக்கத்தைப் பற்றமாட்டாது அதன் தகடுகள் வழுக்கித் தீயும். மேற்சொன்ன 7.3 இயந்திரத்திலும், பிற்காலத்தன பலவற்றில் தூள் உலோகத்தாலான பிஸ்டன் தண்டுகள் உள்ளன. அடித்து வார்த்த பழைய தண்டுகள் தாங்கும் திறனை இவை தாங்குவதில்லை. எனவே ஒரே சில்லு ஒருவர் வண்டியில் நெடுநாள் உழைப்பதும், மற்றவர் வண்டியில் தண்டை ஒடிப்பதும் வியப்பன்று.

கரும்புகையைத் திறனின் அடையாளமாகக் கருதுவோர் உளர். அது காற்றுப் போதாமல் எரியாது வீணான எண்ணெய். சில்லோடு புகை வடிகட்டியையும் கழற்றுவோர் பலர். ஒரு பத்தாண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்-அப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டன என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் கணக்கிட்டது. அந்நாட்டில் அது சட்டப்படி குற்றம்.