கூரைக்குள் வேர்க்கும் டக்ட்

சென்ற ஆண்டு ஆடி மழையில் செம்பூர் நண்பர் போன் செய்தார். "ஹால் கூரையில் ஈரம். உங்கள் பாத்ரூம் ஒழுகுகிறது என்றால் மேல்மாடிக்காரர் சண்டைக்கு வருகிறார். நீர் ரயில்வேயில் ஏ.சி. பெட்டி பார்த்தவராயிற்றே, வந்து பாரும்" என்றார். இரண்டும் தமிழ்க் குடும்பங்கள், இருபது வருஷப் பழக்கம். மூன்று வாரமாகப் பேச்சில்லை.

"இரண்டு நாள் ஏ.சி. போடாதேயும்" என்றேன். மேலே குளியல் வழக்கம்போல் நடந்தது. மூன்றாம் நாள் ஈரம் காய்ந்துவிட்டது. ஆகவே கோளாறு ஏ.சி.யில்தான். தண்ணீர் வெளியேறும் குழாயை முதலில் பார்த்தேன். சரிவும் சரி, அடைப்பும் இல்லை. பிறகு ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். குளிர்காற்றைக் கொண்டுபோகும் தகர டக்ட் முழுக்க வேர்த்திருந்தது.

சொம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே முத்துமுத்தாக நீர் கோக்கிறதல்லவா, அதேதான். மும்பை மழைக்காலத்தில் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் நீராகும். டக்டுக்குள் ஓடுவதோ 14 டிகிரி அளவில் இருக்கும் காற்று.

டக்டின் மேல் கண்ணாடிப் பஞ்சு சுற்றுவது குளிரைக் காக்க மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஈரக்காற்று தகரத்தைத் தொடாமல் தடுப்பதும் அதே அளவு முக்கியம். அந்த வேலையைச் செய்வது பஞ்சு அல்ல, அதன்மேல் ஒட்டிய அலுமினியத் தாள். அது ஓரிடத்தில் கிழிந்தால் போதும், ஈரம் உள்ளே புகுந்து பஞ்சு நனையும். பஞ்சு குளிரைத் தடுப்பதே தன்னுள் அடைத்திருக்கும் காற்றால்தான். நனைந்தபின் அது வெறும் ஈரத்துணி. நண்பர் வீட்டில் மூட்டுகளில் டேப்பே இல்லை. தொங்கவிட்ட பட்டையும் பஞ்சை அப்பளமாக நசுக்கியிருந்தது.

ரயில் பெட்டியிலும் கூரைக்கும் உள்தட்டிக்கும் நடுவில்தான் டக்ட் ஓடுகிறது. பம்பாயிலிருந்து பெஷாவர் சென்ற ஃபிராண்டியர் மெயிலில் 1934-ல் குளிர்பெட்டி சேர்த்தபோது மெஷின் ஏது? பெட்டிக்கு அடியில் ஐஸ் கட்டிகளை வைத்து, அதன்மேல் காற்றை ஊதி உள்ளே அனுப்பினார்கள். கரைந்த ஐஸை வழியில் நிரப்பிக்கொண்டே போவார்கள்!

நனைந்த பஞ்சைப் பிரித்தெறிந்து, தகர மூட்டுகளைக் காற்றுப் போகாமல் அடைத்து, காய்ந்தபின் 19 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டச் சொன்னேன். தொங்கு பட்டைக்கு அடியில் கட்டையான ஆதாரம் வைத்தால் இன்சுலேஷன் நசுங்காது. வேலை முடிந்ததும் நண்பரை மேல்மாடிக்கு அழைத்துப் போனேன். மாமி காப்பி கொடுத்தார், நண்பருக்கு மறக்காமல் சர்க்கரை இல்லாமல்.

டக்ட் இல்லாத வீடுகளுக்கும் இது பொருந்தும். தாராவியில் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் மாடி போட்டு ஸ்பிளிட் ஏ.சி. வைத்திருக்கிறார்கள். செப்புக் குழாயின் கறுப்பு ரப்பர் உறை வெயில் படும் இடத்தில் வெடித்துவிடும். சொட்டுகிற நீர் ஸ்விட்ச் போர்டுக்குள் இறங்கலாம். உறையைத் தொடுமுன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.