மினுக்கும் சிவப்பு விளக்கு

எங்கள் தெருவில் லாரி டிரைவர் ஒருவர் குடியிருக்கிறார். பழைய ஆறு சக்கர லாரி, சொந்த வண்டி. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் பிற்பகல் என் வீட்டுக்கு வந்து, "சார், நீங்க கரண்டு பாடமெல்லாம் நடத்துறீங்களே, என் வண்டியில ஒரு லைட்டு உசிரை வாங்குது. கொஞ்சம் வந்து பாருங்க" என்றார்.

டிரைவருக்கு எதிரே உள்ள பலகையில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்குத்தான் அது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் அது அணைந்துவிட வேண்டும். பகலில் ஒழுங்காக அணைந்தது. இரவில் முன்விளக்குகளைப் போட்டால் மங்கலாக எரியும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் மினுக் மினுக்கென்று துடிக்கும். ஒரு பட்டறையில் ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். இன்னொன்றில் பேட்டரிகள் போய்விட்டன என்று புதிதாக இரண்டு போட்டார்கள். பணம் போயிற்று, விளக்கு மட்டும் மினுக்குவதை நிறுத்தவில்லை. அன்றிரவே ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு அவர் கேரளம் போக வேண்டும். வழியில் முன்விளக்குகள் அணைந்தால் என்ன ஆவது?

இந்த விளக்கு எதைக் காட்டுகிறது? "பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று காட்டுகிறது" என்பீர்கள். உண்மையில் அதற்குப் பேட்டரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. அவ்வளவே. அதன் ஒரு முனை, பேட்டரியிலிருந்து பியூஸ் பெட்டி வழியாகவும் சாவி வழியாகவும் வரும் ஒயரில் இருக்கிறது. மறுமுனை ஆல்டர்னேட்டரில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும், பேட்டரியின் மின்னோட்டம் விளக்கின் வழியே ஆல்டர்னேட்டரின் சுழலும் சுருளுக்குச் சென்று அதைக் காந்தமாக்குகிறது, விளக்கு எரிகிறது. என்ஜின் ஓடியதும் ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் தருகிறது. இப்போது இரு முனைகளிலும் ஏறக்குறைய 28 வோல்ட். வேறுபாடு இல்லை, விளக்கு அணைகிறது.

இப்போது ஒன்றை யோசியுங்கள். ஆல்டர்னேட்டர் பழுதாகி அதன் பக்கம் அழுத்தம் குறைந்தால் விளக்கு எரியும். ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்து, பேட்டரியிலிருந்து வரும் ஒயரின் பக்கம் அழுத்தம் குறைந்தால்? அப்போதும் எரியும்! மின்னோட்டம் எதிர்த்திசையில் செல்லும். இழை விளக்குக்குத் திசை பேதம் கிடையாது. இதை டார்ச் செல்களைக் கொண்டு நீங்களே பார்க்கலாம். இரண்டு செல்களை வரிசையாக இணைத்து ஒரு தொகுதி, அதேபோல் இன்னொன்று. இரு தொகுதிகளின் எதிர்முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, நேர்முனைகளுக்கு நடுவே டார்ச் பல்பை இணையுங்கள். எரியாது. ஒரு தொகுதியில் ஒரு செல்லை நீக்கிவிட்டு இணையுங்கள், எரியும். அந்தச் செல்லைத் திரும்ப வைத்து, அடுத்த தொகுதியில் ஒன்றை நீக்குங்கள், அப்போதும் எரியும். ஓரிரு நொடி பார்த்தால் போதும். எல்.இ.டி. பல்பு வேண்டாம், அது ஒரு திசையில்தான் எரியும்.

கல்லூரி மல்டிமீட்டருடன் லாரியில் ஏறினேன். என்ஜின் ஓட, முன்விளக்குகள் எரிய, பேட்டரி முனைகளில் 27.8 வோல்ட் இருந்தது. ஆக, சார்ஜ் நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது! அடுத்து, மீட்டரின் ஒரு முனையை நீளமான ஒயரால் பேட்டரியின் நேர்முனையுடன் இணைத்து, மறுமுனையைப் பியூஸ் பெட்டியில் வைத்தேன். ஒரே கம்பியின் இரு நுனிகள்; பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இருந்ததோ 4 வோல்ட்! முன்விளக்குகளை அணைத்ததும் அது பெரிதும் குறைந்தது. டிரைவர் பலகையைத் தட்டினார், எண்கள் துள்ளின. மீட்டர் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திச் சென்றேன். பியூஸ் பெட்டியில் முதன்மை ஒயரைப் பிணைக்கும் நட்டுக்கு இப்பக்கமும் அப்பக்கமும் வைத்தபோது, அந்த 4 வோல்ட்டும் அங்கேயே அகப்பட்டது.

நட்டு கழன்று விழவில்லை. பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரிந்தது. ஆனால் எவ்வளவு வழவழப்பான உலோகமும் நுண்ணிய மேடுபள்ளம் உள்ளதே. இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், சில மேடுகளின் உச்சிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. இறுக்கினால் அந்த உச்சிகள் நசுங்கித் தொடும் பரப்பு கூடும். சற்றே தளர்ந்தால் குறையும். இடைவெளியில் ஈரமும் காற்றும் புகுந்து ஆக்சைடு படியும். தடை ஏறும். தடை ஏறினால் சூடு. சூட்டால் ஆக்சைடு இன்னும் விரைவாக வளரும். வண்டி குலுங்கும்போது ஒரு கணம் பத்து உச்சிகள் தொடும், மறுகணம் இரண்டே தொடும். விளக்கின் மினுக்கல் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். முன்விளக்கு, பின்விளக்கு, வைப்பர் எல்லாம் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர். 4 வோல்ட் குறைகிறது என்றால், ஓம் விதிப்படி தடை 0.4 ஓம். மிகச் சிறியதுதான். ஆனால் அங்கே வெப்பமாகும் திறன் 4 × 10, அதாவது 40 வாட். பற்றவைக்கும் சால்டரிங் அயர்னுக்கே 25 வாட் போதும்! அப்படிப்பட்ட சூடு, ஒயர்களும் பிளாஸ்டிக்கும் நெருக்கியடித்துக் கிடக்கும் பலகைக்குப் பின்னால் இரவெல்லாம் இருந்திருக்கிறது. நட்டை ஒட்டிய ஒயர் உறை கருகிச் சுருண்டிருந்தது. டிரைவர் அதைக் கண்டு சிறிது நேரம் பேசவே இல்லை.

என்ஜினை நிறுத்தி, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, கருகிய நுனியை வெட்டிப் புதிய லக் போட்டோம். உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிங் வாஷருடன் இறுக்கினோம். மீண்டும் அளந்தபோது 0.1 வோல்ட். விளக்கு அணைந்தது, முன்விளக்குகளும் முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தன. அவை மங்கியிருந்ததே ஒரு துப்பு. அதை யாரும் கவனிக்கவில்லை.

இதனால் எல்லா மினுக்கலும் பொய்யென்று எண்ணிவிடாதீர்கள். பெல்ட் தளர்ந்தாலும், ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்தாலும் இதே விளக்கு மினுக்கும். பேட்டரி முனையில் அழுத்தத்தை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தாலோ யோசிக்கவே கூடாது. உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். டைனமோ காலத்து வழக்கப்படி, ஓடும் என்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிப்பவர்கள் இன்றும் உண்டு. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் அழுத்தம் திடீரென்று எகிறி, உள்ளிருக்கும் டையோடுகள் போய்விடலாம்.

அன்றிரவு லாரி புறப்பட்டுவிட்டது. ஏறும்போது டிரைவர், "அப்போ என் பழைய ஆல்டர்னேட்டர்?" என்று கேட்டார். அது நன்றாகத்தான் இருந்திருக்கும் என்றேன். அதைப் பட்டறையிலேயே இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.