உழைக்கும் உடம்புக்கும் ஒரு கணக்கு

வீட்டில் மிளகாய்த்தூள் வறுத்து விற்கும் பெண்களை வன்னிக் கிராமங்களில் அடிக்கடி சந்திக்கிறேன். 2009இல் யுத்தம் முடிந்தபின் மீள்குடியேறி, தனியொருத்தியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்கள் பலர். கைச்செலவுக்கென்று தொடங்கிய வேலைக்குக் கடைகளிலிருந்து ஓடர் வரத் தொடங்கியதும் நித்திரை குறைகிறது, நாரி நோகிறது, பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறோம். இது சோம்பல் அல்ல. தீராத வேலைநெருக்கடியால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனமே 2019இல் தொழில்சார்ந்த ஒரு நிலையாக ஏற்றுக்கொண்டது.

சகோதரிகளே, மிளகாய், மல்லி, விறகு, பை எல்லாவற்றுக்கும் கொப்பியில் செலவு எழுதுகிறோம். எங்கள் கூலியை மட்டும் எழுதுவதில்லை. உதாரணமாக, செலவு போக நாளொன்றுக்கு 1,200 ரூபா மிஞ்சுகிறது. அதற்கு 12 மணித்தியாலம் உழைக்கிறோம் என்றால், மணித்தியாலத்துக்குக் கிடைப்பது 100 ரூபாதான். இது தெரிந்தால்தான் விலையைக் கூட்டுவதா, அயல்வீட்டுப் பெண்ணொருவரைக் கூலிக்குச் சேர்ப்பதா என்று முடிவெடுக்கலாம்.

கூலி கொடுக்கக் கட்டாத விலைக்குப் புதிய ஓடர் எடுக்க வேண்டாம். அதற்காகக் கிழமைக் கடனும் வாங்க வேண்டாம். தவணை ஓய்வுநாளையும் தின்றுவிடும். கிழமையில் ஒருநாள் அடுப்பை ஆறவிடுங்கள். அந்த நாளைக் கடைக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.