போ என்று ஒரு வாசனை, வா என்று ஒரு வாசனை

கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் பொழுது சாய்கிறது. மக்காச்சோளக் கொல்லைக்குள் ஒரு அந்துப்பூச்சி, முட்டையிட இடம் தேடிப் பறக்கிறது. இருட்டில் அதற்கு மூக்குதான் வழிகாட்டி. மூக்கு என்றால் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உணர்கொம்புகள். சோள வாசனையைப் பிடித்துப் போய் முட்டையிட்டுவிட்டால், பொரிந்த புழு தண்டைக் குடைந்து உள்ளே குடியேறிவிடும். அப்புறம் மருந்தடித்தாலும் அதன் மேல் படாது.

இன்னொரு எதிரி மண்ணுக்குள். பெயர் சுடுமல்லி. பூ என்னவோ அழகுதான். ஆனால் சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் களை அது. ஒரு செடியே தூசி போன்ற விதைகளைப் பல்லாயிரக்கணக்கில் உதிர்க்கும். அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். நாள் முழுக்கக் குனிந்து பிடுங்கினாலும் பயன் குறைவு. களை வெளியே தலைகாட்டும்போதே கீழே பாதிச் சேதம் முடிந்திருக்கும்.

1990களில் கென்யாவின் இசிபே பூச்சி ஆய்வு நிறுவனமும் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையமும் சேர்ந்து பூச்சியைச் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தன. இந்தியாவில் பிறந்த ஜியாவுர் கான் இதில் முன்னின்றவர். வழியின் பெயர் 'தள்ளு-இழு'.

கொல்லையைச் சுற்றி நேப்பியர் புல். நம் ஊரில் மாட்டுக்கு அறுத்துப் போடுகிறோமே, அதேதான். அதன் பிறந்த வீடே ஆப்பிரிக்காதான். இருட்டத் தொடங்கியதும் இந்தப் புல் வாசனையை அள்ளி வீசும். பூச்சி ஏமாந்து அங்கே முட்டையிடும். புழு குடைய ஆரம்பித்தால் பிசுபிசுப்பான சாறு ஊறி அதைச் சிக்கவைத்துவிடும்.

சோள வரிசைகளுக்கு நடுவே தெஸ்மோடியம் என்ற பயறுவகைக் கொடி. அதன் வாசனை, ஏற்கெனவே புழு தின்றுகொண்டிருக்கும் செடியின் வாசனையைப் போன்றது. 'பந்தி நிரம்பிவிட்டது, வேறு இடம் பார்' என்று சொல்லாமல் சொல்லும்.

வேடிக்கை என்னவென்றால், பூச்சிக்காக நட்ட இடத்தில் சுடுமல்லியும் குறைந்துபோனது! கொடியின் வேரிலிருந்து கசியும் ஒரு பொருள் களை விதையைத் தட்டி எழுப்புகிறது; இன்னொன்று அதைச் சோள வேரில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. பட்டினியில் முளை செத்துப்போகும்.

படித்த இளைஞர்களிடம் 'இயற்கை விவசாயம் நல்லது' என்று எத்தனை முறை சொன்னாலும் கொல்லையில் இறங்க மாட்டார்கள். இடுப்பொடியும் வேலை குறைய வேண்டும், கையில் காசும் பார்க்க வேண்டும். தள்ளு-இழுவில் இரண்டுக்கும் வழி உண்டு. களையெடுப்பு குறைகிறது. புல்லும் கொடியும் மாட்டுத் தீவனம், அதனால் பால். சாணத்தைக் காற்றுப் புகாத தொட்டியில் கரைத்துவிட்டால் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். அதில் அடுப்பெரியும், விறகு சுமக்கும் வேலையும் கண்ணெரிச்சலும் குறையும். மிச்சச் சாணக் கரைசல் திரும்பவும் சோளத்துக்கே உரம்.

ஒரு சங்கடம் உண்டு. தெஸ்மோடியம் விதை விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் கொடியில் ஒரு துண்டை வெட்டி ஈரமண்ணில் ஊன்றினாலும் வேர்விடும். பக்கத்துக் கொல்லையில் கொடி இருந்தால் ஒரு கை கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.