ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவே: குழந்தைகள் காப்பகம் சலுகையல்ல, உரிமை

பிள்ளை பிறந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்பது வேலைக்குப் போகும் பெண்களில் பலருக்கு இன்று தெரியும். விடுப்பு முடியும் நாளில் பிள்ளைக்கு என்ன வயது ஆகியிருக்கும்? நாலிலிருந்து ஆறு மாதம். நம் ஊர் அங்கன்வாடிகளோ இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளைத்தான் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கின்றன. நடுவில் ஏறத்தாழ ஒன்றரை வருடம். தவழ்ந்து, நடந்து, பேசத் தொடங்கும் அந்தக் காலம் முழுக்க, பகலில் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை இல்லை.

குடும்பங்கள் தங்களுக்குத் தெரிந்த விடையைத் தேடிக்கொள்கின்றன. முடிந்தால் ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வருகிறார்கள். அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் அவர்களுடைய கூலி போகிறது. சில வீடுகளில் மூத்த பெண் பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்தித் தம்பியைத் தூக்கிக்கொள்கிறாள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்த குடும்பத்துக்கோ, தென்மாவட்டத்திலிருந்து வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கோ பாட்டியும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. அங்கே தாய் வேலையை விடுகிறாள். 'பிள்ளைக்காக நின்னுட்டேன்' என்று அவளே சொல்கிறாள், ஊரும் சொல்கிறது. ஆனால் அவளை நிறுத்தியது பிள்ளை இல்லை, காப்பகம் இல்லாத குறைதான். அந்தக் குறையைத் தீர்க்கச் சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதால் குடும்பத்துக்கும் லாபம், முதலாளிக்கும் லாபம்.

குடும்பம் இழப்பது எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் பெண் மூன்று வருடம் வேலையை விட்டால் சம்பளத்தில் மட்டும் 4,32,000 ரூபாய் போகிறது. அந்தச் சம்பளம் முழுவதற்கும் நிர்வாகம் தன் பங்காக 12 சதவீதம் பி.எஃப். கட்டுகிறது என்றால் அதில் 51,840 ரூபாய் போகிறது. ஆக ஏறத்தாழ 4,84,000 ரூபாய்.

இழப்பு அதோடு நிற்பதில்லை. பணிக்கொடை எனப்படும் கிராஜுவிட்டி பெற, நிரந்தர வேலையில் பொதுவாக ஐந்து வருடத் தொடர்ச்சியான பணி வேண்டும். பி.எஃப். திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து வருடப் பணி வேண்டும். நாலாவது வருடத்தில் வேலையை விடுகிறவருக்கு முதலாவது இல்லை. வேலையை விட்டபின் பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்துவிட்டால் இரண்டாவதற்கான வருடங்களும் அழிந்துவிடலாம். இ.எஸ்.ஐ. சந்தா நின்றால், அவர் பெயரில் குடும்பத்துக்குக் கிடைத்த மருத்துவமும் காலப்போக்கில் நின்றுபோகும். திரும்பி வரும்போது புதிய ஆள் சம்பளத்தில் தொடங்க வேண்டும்.

'காப்பகத்துக்குக் கொடுக்கிற காசும் அவ சம்பளமும் ஒண்ணுதான், எதுக்கு வேலைக்குப் போகணும்?' என்று வீட்டில் கேட்பார்கள். இந்தக் கணக்கில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. பிள்ளை இருவருக்கும் பிறந்தது. ஆகவே காப்பகச் செலவை இருவர் வருமானத்திலிருந்தும் கழிக்க வேண்டும், தாயின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிப்பது நியாயமில்லை. அடுத்தது, செலவு இரண்டு மூன்று வருடத்தோடு முடிகிறது. அதைக் கொண்டு காப்பாற்றும் வேலையோ, அதன் உயர்வும் சேமிப்பும் ஓய்வூதியமும் சேர்த்து, இருபது முப்பது வருடம் தொடரக்கூடியது.

இந்த நாட்டில் வீட்டு வேலையின் பாரம் யார் தலையில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். அதில் கைக்குழந்தையும் சேர்ந்தால் வேலைக்குப் போகும் பெண் எங்கிருந்து நேரம் எடுப்பாள்?

முதலாளிக்கு என்ன லாபம்?

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகள், ஆம்பூர், ராணிப்பேட்டை காலணி ஆலைகள், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகள் எல்லாம் பெண்களின் கைகளை நம்பி ஓடுகின்றன. பெண்களைத் தக்கவைப்பது இங்கே தொழில் நடத்தும் கேள்வி.

ஒரு லைனில் ஓவர்லாக் அடிக்கும் டெய்லர் வரவில்லை என்றால், அவருக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவருக்கும் வேலை வருவதில்லை. ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது அந்த ஒரு நாற்காலி காலியாக இருப்பதன் விலை, அவருடைய ஒரு நாள் கூலியைவிடப் பல மடங்கு. கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து, தொழில் கற்று, கை வேகம் வந்த ஒரு பெண் வேலையை விட்டால், புதிய ஆளைத் தேட வேண்டும், ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும், பழக்க வேண்டும், பழகும் வரை ரிஜெக்ட் ஆகும் பீஸ்களையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவை எதுவும் 'காப்பகம் இல்லாத செலவு' என்ற பெயரில் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. ஆனால் மாதா மாதம் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

காப்பகத்தின் செலவையும் கணக்கிடலாம். 500 பேர் வேலை செய்யும் ஆலையில் 30 பிள்ளைகளுக்கான காப்பகத்துக்குப் பணியாளர் சம்பளம், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொழிலாளிக்கு மாதம் 300 ரூபாய். வேலை நாள் 26 என்றால், நாளுக்குப் பன்னிரண்டு ரூபாய்கூட இல்லை. ஒரு டீயின் விலை.

மலிவு என்பதற்காகத் தரத்தில் கை வைக்கலாமா?

கூடாது. இதில் உலக அனுபவம் தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில், ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலிருந்து ஐந்து வயது வரை நாள் முழுவதும் தரமான பராமரிப்புக் கொடுத்த திட்டங்களை நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு பார்த்தால், போட்ட முதலுக்கு ஆண்டுக்குச் சுமார் 13 சதவீதம் பலன் வந்திருந்தது. குழந்தைகளின் உடல்நலம், கல்வி, வருமானம் இவற்றோடு தாய்மார் வேலைக்குப் போய் ஈட்டிய வருமானமும் அந்தப் பலனில் அடங்கும்.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் காப்பக வசதியைத் தொடங்கியது. தாய்மார் வேலைக்குப் போவது கணிசமாக உயர்ந்தது. ஆனால் விரிவாக்கம் வேகமாக நடந்து, தரம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. குழந்தைகளின் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகச் சில ஆய்வுகள் காட்டின. தரம் இல்லாத காப்பகம் தாயின் சம்பளத்தைக் காப்பாற்றலாம், பிள்ளையைக் காப்பாற்றாது. பிள்ளை அங்கே நன்றாக இல்லை என்று தெரிந்தால் எந்தத் தாயும் நிம்மதியாக மிஷினில் உட்கார மாட்டாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய தொழிற்சாலைகள் சட்டம் (1948), 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. நல்ல நோக்கம்தான். ஆனால் பெண்களின் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்ததால், எண்ணிக்கையை முப்பதைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி திறந்துவிட்டது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு இதை மாற்றியது. ஆண், பெண் பேதமின்றி 50 பணியாளர் இருந்தாலே காப்பகம் கட்டாயம் என்று வந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 67ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. உங்களுக்கு உள்ள உரிமைகளைச் சுருக்கமாகச் சொன்னால்:

• 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும். ஆலை, ஐ.டி. கம்பெனி, மருத்துவமனை, ஜவுளிக்கடை எதுவானாலும் சரி.
• ஓய்வு இடைவேளையையும் சேர்த்துத் தாய் நாளில் நான்கு முறை காப்பகத்துக்குப் போய்வரலாம்.
• பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளைகள் தனியாக உண்டு.
• மகப்பேறு தொடர்பான சலுகைகள் என்னென்ன என்பதை வேலையில் சேரும்போதே பெண் பணியாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.
• மகப்பேறு விடுப்பில் இருப்பதைக் காரணமாக்கி வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.

சிறிய நிறுவனங்கள் பல சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம், அரசு அல்லது தன்னார்வ அமைப்பின் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் 67ஆவது பிரிவு வழிவிடுகிறது. அடுத்தடுத்து ஆலைகள் இருக்கும் தொழிற்பேட்டைகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

2018இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டுதல்கள் தரத்துக்கு அளவுகோல் தருகின்றன. வேலையிடத்திலோ 500 மீட்டருக்குள்ளோ காப்பகம் இருக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர், அதற்கு மேற்பட்ட வயதில் இருபது பிள்ளைகளுக்கு ஒருவர் தேவை. ஒப்பந்தத் தொழிலாளர், தினக்கூலிகள் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு.

செலவை யார் ஏற்பது என்பதை 2017 திருத்தம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆகவே சம்பளத்தில் பிடித்தம் உண்டா என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெயருக்கு ஒரு காப்பகம்

வெளிநாட்டு வாங்குபவரின் ஆடிட் நாளில் மட்டும் திறக்கும் அறை, பலூன் கட்டி பொம்மை அடுக்கி வைத்திருந்தாலும் காப்பகம் ஆகாது. பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் நீங்களே பாருங்கள்:

• முன்னறிவிப்பு இல்லாமல் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போக முடிகிறதா?
• ஒரு பணியாளர் எத்தனை கைக்குழந்தைகளைப் பார்க்கிறார்? அவருக்கு முதலுதவி தெரியுமா?
• தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்பு, மாடிப்படி, சமையல் அடுப்பு ஆகியவை பிள்ளைகளுக்கு எட்டாதபடி இருக்கின்றனவா? தீ விபத்து என்றால் வெளியேற இரண்டாவது வழி உண்டா?
• பிள்ளையை அழைத்துப்போக வருகிறவர் யார் என்று சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார்களா?
• பிள்ளைகளோடு பேசுகிறார்களா, விளையாடுகிறார்களா? அல்லது செல்போனைக் கொடுத்து உட்கார வைக்கிறார்களா?
• ஒன்றரை ஷிப்ட் முடிந்து நீங்கள் வெளியே வரும் இரவு எட்டரை மணி வரை திறந்திருக்குமா?

வழக்கத்துக்கு மாறாகப் பிள்ளை பகலில் நீண்ட நேரம் தூங்கி வழிந்தாலோ, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு மிரண்டாலோ, உடலில் காயம் தென்பட்டாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணில் தெரிவியுங்கள்.

கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

முதல் படி, எழுத்தில் கேட்பது. தனியாகக் கேட்பதைவிட, சிறு பிள்ளைகள் உள்ள தாய்மாரும் தந்தைமாரும் சேர்ந்து கையெழுத்திட்ட மனு வலுவானது. ஆண்கள் கையெழுத்திட்டால் 'இது பெண்களின் பிரச்சினை' என்று ஒதுக்க முடியாது. தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியாகவும், பணிக்குழு இருந்தால் அதன் கூட்டத்திலும் வையுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி, அரசிடம் புகார். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம், கடை, நிறுவனம் என்றால் தொழிலாளர் துறை. முதல்வரின் உதவி மைய எண் 1100இலும் பதிவு செய்யலாம். உங்கள் ஆலையில் கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, காப்பகம் பற்றி என்ன எழுதப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம்.

மூன்றாவது படி, சட்ட உதவி. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டு சட்டத்திலேயே இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேசிய உதவி எண் 15100.

வேலையை விட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என். எண்ணிலேயே அடுத்த வேலையில் தொடர்ந்தால் பழைய வருடங்கள் சேர்ந்து வரும்.

ஐம்பது பேருக்குக் குறைவான இடங்களில் இருப்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், விவசாயக் கூலிகள் ஆகியோருக்கு இந்தக் காப்பகச் சட்டம் எட்டாது. மத்திய அரசின் 'பால்னா' திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களுக்கு நிதி தருகிறது. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கட்டடமும் பணியாளரும் உள்ள அந்த மையங்களில், தேவை மிகுந்தவற்றையாவது மாலை வரை இயங்கும் காப்பகங்களாக விரிவாக்குவது அரசால் முடியாத காரியம் அல்ல. 1970களின் தொடக்கத்தில் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு அளித்த அறிக்கைதான் 1975இல் அங்கன்வாடித் திட்டம் பிறக்க அடித்தளமானது. ஐம்பது வருடத்துக்குப் பிறகு அதன் அடுத்த படியை நாம் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. தொழிலாளர் தினமான மே 1 அன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. நகரத்தில் இருப்பவர்கள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். 'எங்கள் ஊரில் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை இத்தனை பிள்ளைகள், இத்தனை தாய்மார் வேலையை விட்டிருக்கிறார்கள், முழுநாள் காப்பகம் வேண்டும்' என்று பெயர்ப் பட்டியலோடு கேளுங்கள். எண்ணிக்கையும் கையெழுத்தும் உள்ள தீர்மானத்தைத் தட்டிக் கழிப்பது அதிகாரிகளுக்கு அவ்வளவு எளிதல்ல.